பேட்டரி இல்லை என்று சொன்ன மடிக்கணினி

கழுகுமலையைத் தாண்டியதும் பேருந்தில் அலைச்சோதகர் ஏறினார். காக்கிப் புடவை, கழுத்தில் அடையாள அட்டை, கையில் முழ நீளத்துக்கு ஒரு நுகர்கோல். அந்தக் கோல் மனிதர்களிடம் பேசாது. அவர்கள் மடியிலும் பையிலும் காதிலும் இருக்கிற கருவிகளிடம் மட்டும் பேசும். "உனக்கு மின்சாரம் எங்கிருந்து வருகிறது?" என்று அலைவழியே கேட்கும். கருவி பதில் சொன்னதும் கோலின் நுனியில் பச்சை எரியும். டிரைவரின் கைக்கடிகாரம் பச்சை. முன் இருக்கைப் பெரியவரின் செவிக்கருவி பச்சை. கடைசி இருக்கையில் தளவாயின் மடியில் திறந்திருந்த மடிக்கணினியையும் கோல் அதே மரியாதையோடு கேட்டது.

சிவப்பு எரிந்தது.

"தம்பி, இதுல பேட்டரி இல்லையா?"

"இருக்கு மேடம்."

"இல்லைன்னு சொல்லுதே."

"யாரு சொல்லுதா?"

"இதுதான்" என்று அவர் மடிக்கணினியையே காட்டினார்.

தளவாய் அதைக் கவிழ்த்து அடியில் இருந்த தாழை நகர்த்தினான். செங்கல் கனத்தில் பேட்டரி கையோடு வந்தது. திரை அணைந்தது. திரும்பச் செருகிப் பொத்தானை அழுத்தினான். பதினோரு வருடக் கணினி. முனகிக்கொண்டே உயிர் பிழைத்தது. "இப்பப் பாத்தீங்களா?"

"பாத்தேன்."

"பேட்டரி இருக்குல்லா?"

"இருக்கு தம்பி. ஆனா நான் பாத்தது சாட்சியம் இல்லையே."

"எடுத்ததும் அணைஞ்சுதே மேடம், அது போதாதா?"

"அணைஞ்ச கருவி எப்படிச் சாட்சி சொல்லும்?" அவர் பொறுமையாகத்தான் கேட்டார். கோலின் பின்பக்கத்திலிருந்து ஒரு துண்டுச் சீட்டு நீண்டு வந்தது. வான்மின் துறை. அனுமதியின்றி அலை உறிஞ்சுதல். கருவி சிவப்பு ஏட்டில் ஏற்றப்பட்டது.

செவிக்கருவிப் பெரியவர் திரும்பிப் பார்த்து, பேருந்து முழுவதற்குமாகச் சொன்னார்: "படிக்கிற பிள்ளையளே கரண்டைத் திருடினா நாடு எங்கன உருப்படும்."

தளவாய்க்கு அப்போதே கொதித்தது. ஆனால் பாதிப் பேருந்து தலையாட்டிக்கொண்டிருந்தது.

வான்மின் வந்து ஒன்பது வருடம் ஆகிவிட்டது. ஊருக்கு நான்கு கோபுரம். கோபுரத்தைச் சுற்றிக் காற்றெல்லாம் மின்சாரம். புதிய கருவிகளுக்கு வயரும் இல்லை, பேட்டரியும் இல்லை. உள்ளே அரிசி மணி அளவில் ஓர் அளவி இருக்கும். குடித்ததைக் கணக்குச் சொல்லிவிடும். பழைய கருவிகளுக்கு அளவி கிடையாது. அவை தங்கள் பேட்டரியில் ஓடுவதால் அவற்றைப் பச்சை ஏட்டில் எழுதி விட்டுவிட்டார்கள். அளவியும் இல்லாமல் பேட்டரியும் இல்லாமல் ஒரு கருவி ஓடினால், அது காற்றிலிருந்து திருடுகிறது என்று பொருள். அதற்குத்தான் சிவப்பு ஏடு. இதுவரை எந்தக் குறையும் சொல்ல முடியாது.

குறை எங்கே வந்ததென்றால், திருட்டுக் கருவி வைத்திருந்தவர்கள் பக்கத்து வீட்டுப் பேட்டரியைக் கடன் வாங்கி வந்து அதிகாரிக்குக் காட்டினார்கள். அதிகாரிகளும் பார்த்துப் பார்த்து, சில சமயம் பார்க்காமலே, "பேட்டரி கண்டேன்" என்று எழுதினார்கள். அரசு யோசித்தது. மனிதன் பொய் சொல்கிறான். கருவிக்குப் பொய் சொல்லி ஆகவேண்டியது ஒன்றும் இல்லை. ஆகவே கருவிச் சாட்சியச் சட்டம் வந்தது. ஒரு கருவி தன்னைப் பற்றிச் சொல்வதே இறுதி. மனிதக் கண், கை, மூக்கு ஆகியவை கண்டவை ஏற்கப்படமாட்டா. சட்டம் வந்த நாளில் ஊழல் ஒழிந்தது என்று எல்லோரும் மகிழ்ந்தார்கள். தளவாயும்தான் மகிழ்ந்தான். அப்போது அவனுக்கு வயது பதின்மூன்று.

செவ்வாய்க்கிழமை சீட்டு வந்தது. சனிக்கிழமை காலை அவனுக்கு அரியர் தேர்வு. மூன்றாவது முறை, கடைசி முறை. இதோடு அந்தப் பாடத்திட்டம் காலாவதி. பாடத்தின் பெயர் 'மின்னாற்றல் சேமிப்பு'. தேர்வை அவரவர் கணினியில்தான் எழுத வேண்டும். ஹால் டிக்கெட் ஆளுக்குக் கிடையாது, கணினியின் எண்ணுக்குத்தான். ஆள் மாறினால்கூடச் சமாளித்துவிடலாம் என்பது விடுதியில் நிலவும் கருத்து. கணினி மாறினால் முடியாது. தேர்வறை வாசல் சிவப்பு ஏட்டைப் பார்த்துவிட்டுத்தான் கதவைத் திறக்கும். வெள்ளிக்கிழமை மாலை ஐந்துக்குள் சிவப்பு ஏட்டிலிருந்து வெளியே வராவிட்டால், நான்கு வருடப் படிப்பு ஒரு பேட்டரியால் போய்விடும். இருக்கிற பேட்டரியால்.

"ஏலே, இந்தச் சிவப்புப் பெருக்கல் குறி எத்தனை நாளா இருக்கு?" அறைத்தோழன் ஜெபத்துரை கணினித் திரையின் கீழ்ப் பட்டையைக் காட்டிக் கேட்டான். கடிகாரத்துக்குப் பக்கத்தில் ஒரு குட்டிப் பேட்டரிப் படம். அதன் மேல் சிவப்பில் ஒரு பெருக்கல் குறி.

"நான் வாங்கும்போதே இருந்துச்சு. அக்காகிட்டக் கேட்டேன், அது டிசைன்னு சொன்னா."

கணினி முதலில் அக்காவுடையது. பள்ளியில் கொடுத்தது. அதில் ஓடுவது லினக்ஸ் என்கிற இயங்குதளம். லினக்ஸின் மேல் பொதுமேசை வாரியம் என்ற அமைப்பு தயாரித்த 'நொச்சி' என்கிற திரைமேசை, அதாவது திரையில் கண்ணுக்குத் தெரிகிற படங்களும் பட்டையும். நொச்சியின் கடைசிப் பதிப்பு வெளிவந்தபோது தளவாய் நான்காம் வகுப்பு. அதற்குப் பிறகு அதைத் தொட்டவர் எவரும் இல்லை. தமிழில் பேசும், சொன்னதைக் கேட்கும், நினைத்தால் ஒலி வரும். சுருக்கமாக, நல்ல பிள்ளை. இப்போது இந்தப் பழி.

குழுமத்தில் தேடினார்கள். நொச்சிப் பயனர் குழுமம் என்று ஒன்று இன்னும் மூச்சு விட்டுக்கொண்டிருந்தது. 'பட்டையில் பேட்டரி இல்லை என்று காட்டுகிறது, ஆனால் இருக்கிறது' என்று பதினோரு வருடங்களுக்கு முன்பே ஒருவர் கேட்டிருந்தார். தளவாய்க்கு நெஞ்சு குளிர்ந்தது. முதல் பதில்: 'என்னுடையதில் சரியாகக் காட்டுகிறதே.' இரண்டாவது: 'இந்தக் காலத்தில் நொச்சி வைத்திருப்பது ஏன்?' மூன்றாவது ஆள், லினக்ஸ் என்பதே ஒரு வாழ்க்கைமுறை என்று நாற்பது வரி எழுதியிருந்தார். பேட்டரி அதில் இல்லை. நான்காவது: 'பேட்டரியைக் கழற்றி மாட்டிப் பாருங்கள்.' ஐந்தாவதாக, கேள்வி கேட்டவரே வந்து எழுதியிருந்தார்: 'சரியாகிவிட்டது. நன்றி.'

எப்படிச் சரியானது என்று எழுதவில்லை.

தளவாய் அந்த நன்றியின் மேல் விரலால் தட்டினான். "இவன் மட்டும் என் கையில கெடைச்சான்னா."

"பதினோரு வருசம் ஆச்சுலே. கல்யாணம் ஆகி ரெண்டு பிள்ளை இருக்கும்."

"அந்தப் பிள்ளைக கேள்வி கேட்டாலும் நன்றின்னுதாம்ல சொல்லிட்டுப் போவான்."

ஜெபத்துரை முனையத்தைத் திறந்தான். கறுப்புத் திரை, வெள்ளை எழுத்து. லினக்ஸில் ஒவ்வொரு சாதனத்துக்கும் உள்ளே ஒரு கோப்புறை உண்டு, பேட்டரிக்கும் உண்டு. எவ்வளவு நிரம்பியிருக்கிறது, எத்தனை வோல்ட் என்று எல்லாம் அதில் எழுதியிருக்கும். ஜெபத்துரை உள்ளே போய்ப் பார்த்தான். பேட்டரி இருந்தது. அறுபத்தொரு சதவீதம். சொல்லப்போனால் ஆரோக்கியமாகவே இருந்தது.

"கணினிக்குத் தெரியுதுல தளவா. உள்ள பூரா சரியா எழுதிருக்கு. இந்தப் பட்டையில இருக்க குட்டி நிரல்தான் மூதேவி, கண்ணை மூடிக்கிட்டு இல்லைங்கு. வெளிய யாரு கேட்டாலும் இதுதான் முந்திக்கிட்டுப் பதில் சொல்லுது."

"ஏன் இல்லைங்கு?"

அதைக் கண்டுபிடிக்க புதன்கிழமை முழுதும் ஆயிற்று. குட்டி நிரலின் மூலத்தைத் தோண்டினார்கள். அது பேட்டரி சுழியம் என்ற கோப்புறையைத் தேடியது. உலகம் முழுக்க லினக்ஸ் சாதனங்களைச் சுழியத்திலிருந்துதான் எண்ணும். முதல் பேட்டரி, பேட்டரி சுழியம். ஆனால் இந்தக் கணினியில் சுழியம் என்று எதுவும் இல்லை. இருந்தது பேட்டரி ஒன்று. குட்டி நிரல் சுழியத்தின் கதவைத் தட்டும், கதவே இருக்காது, பேட்டரி இல்லை என்று வந்து சொல்லும். அடுத்த வீட்டில் பேட்டரி அறுபத்தொரு சதவீதத்தோடு உட்கார்ந்திருக்கும்.

யார் சுழியத்தை எடுத்தது என்பது பொதுமேசை வாரியத்தின் பழைய கூட்டக் குறிப்பில் கிடைத்தது. ஜெபத்துரை அதை உரக்கப் படித்தான். "தீர்மானம் பதினான்கு. எண்ணிக்கையைச் சுழியத்தில் தொடங்குவது நமது மரபன்று. மொய் வைக்கும்போதுகூட நூறோடு நிறுத்தாமல் நூற்றொன்று வைக்கிறோம். பள்ளிப் பிள்ளைகளுக்கு வழங்கும் கணினியில் முதல் பொருளே சுழியமாக இருப்பது அவர்கள் எதிர்காலத்துக்கு நல்லதல்ல. ஆகவே உள்ளே எல்லாச் சாதனங்களும் ஒன்றிலிருந்து எண்ணப்படும்."

"அந்தப் பட்டை நிரலை மாத்தலையா?"

"அது வேற உட்குழுவாம்ல. அவங்க கூட்டத்துக்குப் போதுமான ஆள் வரலை, ஒத்தி வச்சிருக்கு."

"எப்பக் கூடுச்சாம்?"

ஜெபத்துரை கடைசிப் பக்கம் வரை நகர்த்திப் பார்த்தான். "இன்னும் கூடலை."

பதினோரு வருடங்களாக ஒரு மங்கலத்தின் பேரில் மாநிலமே பேட்டரி இல்லாமல் ஓடிக்கொண்டிருந்திருக்கிறது. யாருக்கும் தெரியவில்லை, ஏனென்றால் யாரும் கேட்கவில்லை. நுகர்கோல் வந்து கேட்டபோதுதான் கணினி தன் மனதில் பட்டதைச் சொன்னது.

தீர்வு ஒரே வரி. சுழியம் என்ற பெயரில் ஒரு சுட்டுக்கோப்பு வைத்தார்கள். சுட்டுக்கோப்பு என்பது பூட்டிய கடையில் தொங்கும் 'அடுத்த கடையில் விசாரிக்கவும்' அட்டையைப் போன்றது. சுழியத்தைத் தேடி வருகிறவனை ஒன்றுக்கு அனுப்பிவிடும். அட்டையைத் தொங்கவிட்டதும் பட்டையில் பெருக்கல் குறி மறைந்தது. பேட்டரிப் படம் பச்சையில் நிரம்பியது. ஐம்பத்தெட்டு சதவீதம். தளவாய் அதைப் பார்த்த பார்வையை அவன் அம்மா பார்த்திருந்தால் பெண்ணின் பெயரைக் கேட்டிருப்பார்.

வியாழக்கிழமை காலை வான்மின் துறையின் கோவில்பட்டி அலுவலகம். உதவிப் பொறியாளர் காசிலிங்கம் ஐம்பத்தேழு வயதுக்காரர், சாந்தமானவர். எதிரே இருப்பவன் எவ்வளவு கொதித்தாலும் ஆற்றிக் குடிக்கத் தெரிந்தவர். மேசை மேல் தட்டையாக ஒரு பெறுபலகை. அதன்மேல் கணினியை வைக்கச் சொன்னார். பலகை கணினியைக் கேட்டது. கணினி இம்முறை தெளிவாகச் சொன்னது: மின்கலம் உண்டு.

"ரொம்ப நல்லது தம்பி. பச்சை ஏட்டுல ஏத்தியாச்சு."

தளவாய் மூச்சு விட்டான். "அப்ப நாளன்னைக்குப் பரீட்சை எழுதலாம்லா சார்?"

"எழுதலாமே. அந்த இன்னொரு கணினியை மட்டும் ஒப்படைச்சிருங்க, சிவப்பு ஏட்டுல இருந்து எடுத்திடலாம்."

"எந்த இன்னொரு கணினி?"

"பேட்டரி இல்லாதது. செவ்வாய்க்கிழமை பஸ்ஸுல வச்சிருந்தீங்கல்ல."

"சார், அதுதான் இது."

காசிலிங்கம் கண்ணாடியைக் கழற்றினார். விளக்குவதற்கு அவருக்கு எப்போதும் நேரம் இருந்தது. "பாருங்க தம்பி. செவ்வாய்க்கிழமை ஒரு கணினி பேட்டரி இல்லைன்னு சாட்சி சொல்லிச்சு. சரியா? இன்னைக்கு ஒரு கணினி பேட்டரி இருக்குன்னு சாட்சி சொல்லுது. கருவி பொய் சொல்லாது. சொல்லும்னு ஒத்துக்கிட்டா சட்டமே இல்லாமப் போயிரும். அப்ப ரெண்டும் உண்மை. ரெண்டும் உண்மைன்னா ரெண்டு கணினி."

"எண் ஒண்ணுதானே சார் இருக்கு ரெண்டுக்கும்?"

"அதையும் பாத்தேன். ஒரே எண்ணுல ரெண்டு கணினி வச்சிருக்கிறது தனிக் குத்தம். படிக்கிற பையன்னு நான் அதை எழுதலை."

தளவாய் திரையின் பட்டையைத் தொட்டுக் காட்டினான். "சார், அதுல ஒரு குட்டி நிரல் தப்பாப் பாத்துச்சு. சுழியத்தைத் தேடிச்சு, ஒண்ணுல இருந்துச்சு. நானே சரி பண்ணேன்."

"கருவியோட வாக்குமூலத்தை நீங்க மாத்தினீங்களா?" காசிலிங்கத்தின் குரல் முதல் தடவையாகத் தாழ்ந்தது. "இதை நான் கேக்கலை. நீங்களும் சொல்லலை. நாளைக்கு அஞ்சு மணிக்குள்ள அந்த இன்னொண்ணைக் கொண்டாந்து இந்தப் பலகையில வைங்க. முடியலைன்னா போலீஸ் ஸ்டேஷன்ல காணாமப் போச்சுன்னு எழுதிக் கொடுத்து, தேடிக் கிடைக்கலைன்னு ஒரு சான்றிதழ் வாங்கிட்டு வாங்க. எல்லாரும் அதான் செய்வாங்க."

காவல் நிலையத்தில் நன்றாகத்தான் கவனித்தார்கள். சான்றிதழுக்கு முன்னால் தேடியாக வேண்டும் என்றார் எழுத்தர். தேடுவதும் இப்போது சுலபம்; எண்ணைச் சொல்லி அலையில் கூப்பிட்டால் கருவி இருக்குமிடத்தைத் தானே சொல்லும். கூப்பிட்டார். தளவாயின் தோளில் தொங்கிய பைக்குள்ளிருந்து ஒரு மணிச் சத்தம் கேட்டது. எழுத்தர் பையைப் பார்த்தார், தளவாயைப் பார்த்தார், பிறகு பேனாவை மூடினார். "காணாமப் போனதை எடுத்துக்கிட்டே வந்து காணோம்னு சொல்லுத முத ஆளு நீதாம்ப்பா."

வியாழன் மாலை விடுதிக்கு வந்தவன் சாப்பிடப் போகவில்லை. குழுமத்தைத் திறந்தான். அந்தப் பதினோரு வருடக் கேள்விக்குக் கீழே, நன்றி சொல்லிவிட்டு ஓடியவனுக்கும் கீழே, எழுத ஆரம்பித்தான். பிழை எங்கே இருக்கிறது, தீர்மானம் பதினான்கு என்ன சொல்கிறது, சுட்டுக்கோப்பை எங்கே எப்படி வைப்பது என்று ஒவ்வொரு வரியாக, ஐந்தாம் வகுப்புப் பையனுக்கும் புரிகிற மாதிரி எழுதினான். அவன் மனதில் இருந்தது பொதுநலம் இல்லை, முழுக்க முழுக்க ஆத்திரம். ஆத்திரத்தில் எழுதியதால் ஒரு படிகூட விட்டுப்போகவில்லை. கடைசியில் 'தீர்ந்தது' என்ற பொத்தானை அழுத்தினான்.

அந்தப் பொத்தானை இதற்கு முன் எவரும் அழுத்தியதில்லை. பொதுமேசை வாரியத்தில் மனிதர்கள் போய்விட்டாலும் 'திருத்தி' என்று ஓர் இயந்திரத்தை ஓடவிட்டுப் போயிருந்தார்கள். குழுமத்தில் 'தீர்ந்தது' என்று குறித்த விடையை எடுத்து, நொச்சி ஓடும் எல்லாக் கணினிகளுக்கும் அனுப்புவது அதன் வேலை. பதினோரு வருடமாக அது விடைக்குக் காத்திருந்தது. விடிவதற்குள் அனுப்பி முடித்துவிட்டது.

வெள்ளிக்கிழமை மதியம் மூன்றரைக்குத் தளவாய் வான்மின் அலுவலகம் போனபோது வரிசை படிக்கட்டில் தொடங்கி சைக்கிள் நிறுத்துமிடம் வரை நின்றது. மாணவர்கள் இல்லை. வட்டாட்சியர் அலுவலகத் தலைமை எழுத்தர், நூலகர், இரண்டு தலைமையாசிரியர்கள், தபால் நிலையத்திலிருந்து ஓர் அம்மாள். மாவட்டத்தின் அலுவலகங்களிலெல்லாம் பழைய கணினிகள் நொச்சியில்தான் ஓடிக்கொண்டிருந்தன. அலுவலகம் என்பதால் யாரும் அவற்றைச் சோதித்ததில்லை. ஆனாலும் அவை தினமும் காலையில் வான்மின் பதிவேட்டுக்கு 'மின்கலம் இல்லை' என்று நேர்மையாகத் தகவல் சொல்லி, யாரும் திறந்து பார்க்காத சிவப்பு ஏட்டில் ஏறியிருந்தன. இன்று காலை அவை அத்தனையும் 'மின்கலம் உண்டு' என்று சொல்லிப் பச்சை ஏட்டிலும் ஏறிவிட்டன. பதிவேடு இரண்டு ஏட்டையும் ஒப்பிட்டது. ஒவ்வொரு பொறுப்பாளருக்கும் தானே ஒரு குறிப்பு அனுப்பியது: மின்கலம் இல்லாத கணினியை மாலை ஐந்துக்குள் ஒப்படைக்கவும், தவறினால் பணிப்பதிவு பூட்டப்படும்.

"எங்க லைப்ரரில நாலு சார். நாலுதான் இருக்கு. எட்டுன்னா நான் எங்க போவேன்?" என்று நூலகர் யாரிடமோ கேட்டுக்கொண்டிருந்தார்.

தளவாய் உள்ளே போய்ச் சேர்ந்தபோது மணி நாலு நாற்பது. காசிலிங்கம் மேசைக்குப் பின்னால் இருந்தார். அவர் கையிலும் அதே குறிப்பு. அவர் அலுவலகத்தில் பன்னிரண்டு.

"வாங்க தம்பி. கொண்டாந்தீங்களா?"

"எதை சார்?"

"பேட்டரி இல்லாததை."

"நீங்க கொண்டாந்தீங்களா சார், உங்க பன்னிரண்டை?"

காசிலிங்கம் தன் குறிப்பை மடித்து வைத்தார். விதி விதிதான் என்பது மாதிரி பெறுபலகையை அவன் பக்கம் திருப்பி வைத்தார். அந்தத் திருப்பலில்தான் தளவாய்க்குத் தாங்க முடியாமல் போயிற்று. நான்கு நாள். கண்ணால் காட்டினான், கழற்றிக் காட்டினான், பிழையைக் கண்டுபிடித்தான், திருத்தினான், ஊருக்கே எழுதினான். இன்னும் பலகையைத் திருப்புகிறார்கள்.

"இந்தாங்க சார்" என்றான். இரண்டு கையையும் மடிக்கணினி அகலத்துக்கு விரித்து, ஒன்றுமில்லாததைப் பத்திரமாகத் தூக்கி, பலகையின் மேல் வைத்தான். "வச்சாச்சு. பேட்டரி இல்லாத கணினி. பாத்து எடுத்து வைங்க, கீழ போட்டுறாதீங்க."

வரிசையில் யாரோ சிரித்தார்கள். காசிலிங்கம் ஏதோ சொல்ல வாயெடுத்தார்.

பலகை யோசித்துக்கொண்டிருந்தது.

அதிலும் நொச்சிதான் ஓடியது. அது தன் மேல் இருக்கும் கருவியைக் கூப்பிட்டு, மின்கலம் உண்டா என்று கேட்டது. பதில் வரவில்லை. அரை நிமிடம் காத்தது. நொச்சிக்குப் பதில் கிடைக்காதபோதெல்லாம் அது என்ன முடிவுக்கு வருமோ அதே முடிவுக்கு வந்தது. மின்கலம் இல்லை. ஒப்படைக்க வேண்டியவர் பெயரையும் நேரத்தையும் சேர்த்து ரசீது அடித்தது: மின்கலம் இல்லாத கணினி, ஒன்று, நல்ல நிலையில் பெறப்பட்டது.

தளவாய் ரசீதைக் கிழித்துப் பையில் வைத்துக்கொண்டான். சிவப்பு ஏட்டிலிருந்து அவன் எண் போயிருந்தது. காசிலிங்கம் ரசீது வந்த இடத்தையே பார்த்தபடி இருந்தார். பிறகு எழுந்து மேசையைச் சுற்றி முன்பக்கம் வந்தார். இரண்டு கையையும் விரித்து, சற்றுக் கூச்சத்தோடு, காற்றிலிருந்து ஒன்றை எடுத்துப் பலகையில் வைத்தார். பன்னிரண்டு முறை வைத்தார். ஆறாவதை வைக்கும்போதே கூச்சம் போய்விட்டிருந்தது. எட்டாவதுக்குக் கொஞ்சம் முதுகுகூட வளைத்தார்.

"அடுத்து" என்றார்.

மறுநாள் தேர்வறை திறந்தது. இரண்டு மதிப்பெண் கேள்வி ஒன்று: ஒரு கருவியில் மின்கலம் இருப்பதை எவ்வாறு உறுதிசெய்வாய்? தளவாய் விரல்களை விசைப்பலகையின் மேல் சற்று நேரம் வைத்திருந்தான். 'கழற்றிப் பார்த்து' என்று எழுதத்தான் ஆசை. பிறகு 'கருவியைக் கேட்டு' என்று அடித்தான். கை கூசவில்லை என்பதுதான் அவனுக்கே எரிச்சலாக இருந்தது. ஐம்பத்து மூன்று வாங்கித் தேறினான்.

ஒப்படைத்தவை மாவட்டம் முழுக்கச் சேர்ந்து மூவாயிரத்து நானூற்றுப் பன்னிரண்டு. அரசு வசம் வந்த பொருளைக் கண்ட இடத்தில் போட முடியாது. பழைய தீப்பெட்டி ஆலை ஒன்றின் சரக்குக் கிட்டங்கியை ஒதுக்கினார்கள். வரிசையாக மரத்தட்டு அடித்து, தட்டுக்கு எண் எழுதி, கதவைப் பூட்டி அரக்கு வைத்து, இரண்டு காவலர்களை ஷிப்டு முறையில் அமர்த்தினார்கள். எலி புகுந்துவிடாமல் மருந்தும் வைத்தார்கள். பொறுப்பு காசிலிங்கத்துக்கு.

ஒரு மாதம் கழித்து ஞாயிற்றுக்கிழமை காலை அவர் விடுதிக்கே வந்துவிட்டார். கையில் ஒரு துண்டுச் சீட்டு. வாசல் வேப்பமரத்தடியில் தளவாயும் ஜெபத்துரையும் அவருக்கு நாற்காலி போட்டார்கள். அவர் உட்காரவில்லை.

"கிட்டங்கிக்கு நேத்து அலைச்சோதனை வந்தாங்க தம்பி."

"எல்லாம் பத்திரமா இருக்கா சார்?" என்றான் ஜெபத்துரை.

"ஒண்ணும் குறையலை. மூவாயிரத்து நானூத்திப் பன்னிரண்டும் அப்படியே இருக்கு." அவர் சீட்டை நீட்டினார். "பிரச்சினை என்னன்னா, அதுக எதுவும் அணைஞ்சதா இதுவரைக்கும் சொல்லலை. அணைஞ்சதாச் சொல்லலைன்னா ஓடுதுன்னு அர்த்தம். பேட்டரி கிடையாது, அளவி கிடையாது, ஓடுது."

தளவாய் சீட்டைப் படித்தான். அனுமதியின்றி அலை உறிஞ்சுதல். மூவாயிரத்து நானூற்றுப் பன்னிரண்டு முறை. பொறுப்பாளர்: காசிலிங்கம். பதவி: உதவிப் பொறியாளர், வான்மின் துறை.

"சார், நீங்க கிட்டங்கியைத் திறந்து காட்டுங்க. உள்ள ஒண்ணுமே இல்லைன்னு."

"காட்டினேன் தம்பி. அந்த அலைச்சோதகர் அம்மா பாத்தாங்க. பாத்தேன் சார், ஆனா நான் பாத்தது சாட்சியம் இல்லையேன்னுட்டாங்க." அவர் சீட்டைத் திரும்ப வாங்கிக்கொண்டார். "முப்பத்தோரு வருச சர்வீஸ். வெறும் தட்டு. தூசி படிஞ்ச வெறும் தட்டு. கண்ணு இருக்கவன் பாத்தாத் தெரியாதா? இது என்ன நியாயம் சொல்லுங்க?"

தளவாய்க்கு இதற்கு ஒரு நல்ல பதில் ஒரு மாதமாகத் தயாராக இருந்தது. அவர் முகத்தைப் பார்த்ததும் அதை விட்டுவிட்டு, நாற்காலியை அவர் பக்கம் நகர்த்தினான்.

காசிலிங்கம் இப்போதுதான் நாற்காலியில் உட்கார்ந்தார். கைக்குட்டையால் கண்ணாடியைத் துடைத்தார். "நீங்க ஏதோ ஒரு வரி போட்டீங்களாமே. சுழியத்துக்குப் பதிலா ஒண்ணைக் காட்டுறது. அதை அந்த மூவாயிரத்து நானூறுக்கும் போட்டு, பேட்டரி இருக்குன்னு சொல்ல வச்சிரலாமா?"

"இல்லாத கணினிக்கா சார்?"

"பதிவேட்டுல இருக்கே."

ஜெபத்துரை யோசித்தான். பதிவேட்டில் இருந்தால் பதிவேட்டிலேயே போடலாம். செய்ய முடியாத வேலை இல்லை. அவன் தளவாயைப் பார்த்தான். தளவாய் மெதுவாகச் சொன்னான்.

"செய்யலாம் சார். ஆனா பேட்டரி இருக்குன்னு அதுக சொல்லிட்டா, பேட்டரி இல்லாத மூவாயிரத்து நானூத்திப் பன்னிரண்டைத் திரும்ப நீங்க ஒப்படைக்கணும்லா?"

காசிலிங்கம் கண்ணாடியை மாட்டிக்கொண்டார். சட்டைப்பையிலிருந்து பேனாவை எடுத்து, சீட்டின் பின்பக்கத்தில் ஏதோ கணக்குப் போட்டுப் பார்த்தார். முகம் தெளிந்தது.

"அதுக்கு ஒண்ணும் கவலை இல்லை தம்பி. பக்கத்துக் கிட்டங்கி காலியாத்தான் கிடக்கு."